நெல் பரப்பிய பாதி ரோடு

தர்ஷிகாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தன் மகளைக் காலையில் முன்பள்ளிக்குத் தானே நடத்திக் கூட்டிக்கொண்டு போய் விட வேண்டும், மத்தியானம் தானே போய்க் கூட்டி வர வேண்டும். மன்னார்ப் பக்கம் முருங்கனுக்கும் நானாட்டானுக்கும் இடையில் அந்த ரோட்டில் எத்தனையோ தாய்மார் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் தர்ஷிகாவுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. கணவன் ஜெயரூபனுக்குச் சின்ன வயதில் யுத்தத்தோடு பார்வை போனது. மகள் லக்சிகாவுக்கு நாலரை வயது. அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். வயலில் நிற்கிற கொக்கின் வாயில் இருப்பது மீனா தவளையா என்று ரோட்டில் நின்றே சொல்லுவாள்.

கணவனும் மனைவியும் வீட்டிலிருந்து தென்னந்தும்பில் வீடு கூட்டுகிற தும்புத்தடி கட்டுகிறார்கள். முருங்கன் சந்திக் கடைகளில் வாங்குகிற தும்புத்தடிகளில் பாதி அவர்கள் கை பட்டவை. லக்சிகா பிறந்தபோது ஊரில் பலரும் பலதும் சொன்னார்கள். தர்ஷிகா யாருக்கும் பதில் சொல்லவில்லை. சோறு தீத்தும்போது இடது கை விரல் ஒன்றைப் பிள்ளையின் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். வாய் திறந்தால் கன்னம் சொல்லும், மென்று முடித்தாலும் கன்னம் சொல்லும். அந்தக் கன்னம் இப்போது நல்ல கொழுகொழு என்று இருக்கிறது.

வில்லங்கம் முன்பள்ளியில் சேர்க்கப் போனபோதுதான் வந்தது. சுபத்திரா ரீச்சர் பொல்லாதவர் இல்லை. பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் கதிரையில் இருத்திவைத்து மெல்லக் கேட்டார்.

"கோவிக்காதேங்கோ தர்ஷிகா. ரிப்பர் லொறியும் உழவு மிசினும் ஓடுற ரோட்டு. ஆர் பிள்ளையைக் கொண்டுவந்து விடப் போறது?"

"நான்தான்."

"இல்லை, ஆர் கண் தெரிஞ்ச ஆள் எண்டு கேட்டனான்."

அதற்குப் பதில் சொன்னது பக்கத்தில் நின்ற விஜிதா. ஜெயரூபனின் அக்கா. முன்பள்ளிக்குக் கிட்டத்தான் அவருக்கு வீடு. கல்யாணமாகி நெடுநாள், பிள்ளை இல்லை. லக்சிகாவென்றால் உயிர்.

"கிழமை நாளில பிள்ளை என்னட்டை நிக்கட்டும் ரீச்சர். வெள்ளி பின்னேரம் கொண்டுபோய் விடுறன். கட்டில்கூட வாங்கி வச்சிட்டன்."

நல்ல மனதோடு சொன்னதுதான். தர்ஷிகாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. அவளையும் ஐந்து வயதில் யாழ்ப்பாணத்தில் கண் தெரியாத பிள்ளைகளின் விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். நல்ல விடுதி. படிப்பும் பாட்டும் சிநேகிதமும் அங்கேதான் கிடைத்தன. ஆனாலும் அவள் வீட்டில் வளரவில்லை. அது மட்டும் லக்சிகாவுக்கு வரக்கூடாது.

"மச்சாள், ஒரு மாதம் பொறுங்கோ" என்றாள். "நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன். ஏலாமப் போனா நானே அவளின்ர உடுப்பு பாக்கைக் கொண்டுவந்து தாறன்."

விஜிதா யோசித்துவிட்டுச் சரி என்றார். தம்பி பெண்சாதியின் பிடிவாதம் அவருக்குத் தெரியும்.

அன்றைக்குப் பின்னேரமே தர்ஷிகா போனை எடுத்தாள். அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. மன்னார் மாவட்டத்தில் கண் தெரியாத ஆட்களின் சங்கக் கூட்டத்தில் பழக்கமானவர்கள். எழுத்தே கிடையாது, எல்லாம் குரல். குழுவின் பெயர் 'கரண்ட் கட்'. பெயர் வைத்தது அமிர்தநாயகம். கரண்ட் போனால் ஊரே கத்தும்போது தங்களுக்கு மட்டும் ஒன்றும் நடக்காதே என்பதுதான் காரணமாம். மன்னார் டவுனில் ஒரு கந்தோரில் ரெலிபோன் எடுக்கிற வேலை அவருக்கு. வாய் ஓயாது. இன்னொருவர் எருக்கலம்பிட்டி பஹ்மிதா. அவருக்கும் கண் தெரியாது. மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டவர். பிள்ளை விசயம் எதுவென்றாலும் தர்ஷிகா முதலில் கேட்பது அவரிடம்தான்.

"நான் தர்ஷிகா" என்று தொடங்கினாள். எல்லோருக்கும் எல்லோருடைய குரலும் தெரிந்தாலும், பெயர் சொல்லாமல் தொடங்குவது அங்கே மரியாதை இல்லை. "ஒரு ரோட்டைப் பாடமாக்க வேணும். வருவியளோ?"

"நான் அமிர்தநாயகம். சாப்பாடு என்னெண்டு முதல் சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மன்னாரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ரோட்டைப் பாடமாக்குவது இவர்களுக்குப் பெரிய திருவிழா. ஒருவர் வெள்ளைப் பிரம்பைத் தட்டிக்கொண்டு முன்னுக்குப் போவார். மற்றவர்கள் பின்னுக்கு வந்து, தங்கள் காதிலும் மூக்கிலும் காலிலும் பிடிபட்டதைச் சொல்லிக்கொண்டே வருவார்கள். ஒருவருக்குப் பிடிபடாதது இன்னொருவருக்குப் பிடிபடும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் குரலில் பதிந்து வைப்பார்கள்.

"தார் 'டக்' எண்டுது, கரையில கிடக்கிற கிறவல் மண் 'சர்' எண்டுது" என்றாள் தர்ஷிகா. "வலப்பக்கம் டக், இடப்பக்கம் சர். அப்ப நான் கரையில."

"மதகு வருது" என்றார் பஹ்மிதா. "கட்டுக்கரைக் குளத்துத் தண்ணி சத்தம் போடுது. குளிரும் அடிக்குது."

"எனக்கு மில்லுத் தவிட்டு மணம் வருது" என்றார் அமிர்தநாயகம். "அதோட ஒரு றொட்டிக் கடையும் கிட்டத்தான் இருக்கு. அதை முக்கியமாப் பதிவு செய்யுங்கோ."

ஜெயரூபன் சிரித்துக்கொண்டே பதிந்தான். லக்சிகா இவர்களுக்கிடையில் ஓடி ஓடி, "மாமா, மாடு நிக்குது. மாமா, மாடு உங்களைப் பாக்குது" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

"என்னைப் பாத்து என்ன சொல்லுது?"

"ஒண்டும் சொல்லேல்லை. சாணி போடுது."

முன்பள்ளி வாசலில் எல்லோரும் இருந்து தோசைப் பார்சலைப் பிரித்தபோது, பஹ்மிதா தர்ஷிகாவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"தங்கச்சி, ஒண்டு மட்டும் கேளு. புள்ளைய வழிகாட்ட வைக்காதே. என்ர மூத்தவன் சின்னதில என்னைக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போவான். எனக்கும் லேசா இருந்திச்சு. ஒரு நாள் மதகில கால் தவறி விழுந்திட்டேன். கால் முறிஞ்சிட்டு. அவனுக்கு ஏழு வயசு. தான்தான் உம்மாவ விழுத்தினதெண்டு அழுதான் அழுதான், நிப்பாட்டவே ஏலல்ல. இப்ப கட்டாரில வேலை செய்றான், அவனுக்கே ரெண்டு புள்ள. இன்னமும் போன் எடுத்தா முதல் கேள்வி, 'உம்மா, கால் எப்படி' எண்டுதான்."

 தர்ஷிகா அதை மறக்கவில்லை. அன்றைக்கே வீட்டில் மகளை மடியில் இருத்திச் சொன்னாள். ரோட்டில் அம்மாதான் கூட்டிக்கொண்டு போவா, நீ அம்மாவின் கையைப் பிடித்துக் கரைப்பக்கம் வர வேண்டும், இழுக்கக்கூடாது, அங்கே போ இங்கே போ என்று வழி சொல்லக்கூடாது. லக்சிகா ஓம் என்றாள். அவள் ஓம் என்றால் ஓம்தான்.

திங்கட்கிழமை தொடங்கினார்கள். முதல் கிழமை முழுக்கப் பின்னால் ஒரு சைக்கிள், ஏறி ஓட்டாமல் உருட்டிக்கொண்டே வந்தது. விஜிதாதான். சத்தம் போடாமல் வருவதாக அவருக்கு நினைப்பு. மூன்றாம் நாள் தர்ஷிகா திரும்பாமலே சொன்னாள்.

"மச்சாள், அந்தச் சைக்கிள் செயினுக்கு ஒருக்கா எண்ணெய் விடுங்கோ. பாவம், அழுதுகொண்டு வருது."

பின்னால் சைக்கிள் நின்றது. பிறகு விஜிதா, "கடைக்குத்தான் போறன்" என்றார்.

"கடை அங்கால இல்லையோ?"

"நீ உன்ர வழியைப் பாரன்."

அடுத்தடுத்த கிழமைகளில் சைக்கிள் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. சுபத்திரா ரீச்சர் வாசலில் நின்று "வந்திட்டியளோ" என்று கேட்கிற குரலிலிருந்த பதற்றமும் மெல்லப் போய்விட்டது. மாதம் முடியப் போகிறது. தர்ஷிகா மனதுக்குள் சந்தோசப்படத் தொடங்கியிருந்தாள்.

மாசி மாதம் கட்டுக்கரைப் பக்கத்து வயல்களெல்லாம் வெட்டு. வெட்டின நெல்லைக் காயப்போட இந்தப் பக்கத்தில் தார் ரோட்டை விட நல்ல இடம் இல்லை. விடியவே கொண்டுவந்து ரோட்டின் ஒரு பாதியில் மெல்லிசாகப் பரப்பிவிடுவார்கள். வாகனங்கள் மற்றப் பாதியால் போகும். கண் தெரிந்த யாருக்கும் இது ஒரு செய்தியே இல்லை. ரோட்டைத் தை மாதத்தில் பாடமாக்கிய 'கரண்ட் கட்' குழுவில் ஒருவருக்கும் இது ஞாபகம் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதகு தாண்டியதும் தர்ஷிகாவின் பிரம்பு இடப்பக்கம் 'சர்' என்றது. வலப்பக்கமும் 'சர்' என்றது. சரி, நான் தாரை விட்டுக் கிறவலுக்குள் இறங்கிவிட்டேன் என்று நினைத்தாள். வயலெல்லாம் வெட்டு நடப்பதால் நெல் மணம் எங்கும் ஒரே மாதிரித்தான், மூக்கும் உதவவில்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான், வலப்பக்கம் ஒதுங்கித் தாரைத் தேடுவது. ஒதுங்கினாள். இன்னும் ஒதுங்கினாள். பிரம்பு 'டக்' என்றது. வலப்பக்கம் டக், இடப்பக்கம் சர். அப்பாடா, கரை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நடக்கத் தொடங்கினாள்.

அது கரை இல்லை. நெல் முடிகிற இடம். நட்ட நடு ரோடு.

பின்னால் ஒரு பஸ் வந்தது. சத்தம் கிட்ட வந்தும் தாண்டிப் போகவில்லை. ஊர்ந்து ஊர்ந்து பின்னாலேயே வந்தது. பிறகு கண்டக்டரின் குரல் கேட்டது.

"அக்கா, நாங்களும் நேசறிப் பள்ளிக்குத்தான் வாறமோ? பஸ்ஸுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கோவன்."

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். யாரோ "பேசாம இரு, அவவுக்குக் கண் தெரியாது" என்றார்கள். தர்ஷிகா நின்ற இடத்திலேயே நின்றாள். எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் சைக்கிள் ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. விஜிதா ஓடி வந்து இரண்டு பேரையும் நெல்லைத் தாண்டிக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். பஸ் போய்விட்டது.

தர்ஷிகா குந்தியிருந்து மகளின் முகத்தைத் தடவினாள்.

"நடு ரோட்டில வந்தனாங்களோ லக்சி?"

"ஓம் அம்மா."

"உனக்குத் தெரியுமோ?"

"தெரியும். நெல்லு இருந்தது. நீங்கள் அங்கால போனீங்கள்."

"ஏன் ராசாத்தி சொல்லேல்லை?"

"நீங்கள்தானே வழி சொல்லக்கூடாது எண்டு சொன்னீங்கள்."

நாலரை வயதுப் பிள்ளை. பஸ் பின்னால் வருவது தெரிந்தும், அம்மாவுக்குச் சொன்ன வாக்குக்காக வாயை மூடிக்கொண்டு நடந்திருக்கிறது. 

விஜிதா ரோட்டில் கிடந்த சைக்கிளை எடுத்து வந்தார். அவர் ஏசவில்லை.

"காணும் தர்ஷி" என்றார். "இண்டைக்கு அவள் என்னட்டை நிக்கட்டும்."

தர்ஷிகாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

அன்று பின்னேரம் லக்சிகா இல்லாத வீட்டில் ஜெயரூபன் தும்பைச் சீவிக்கொண்டிருந்தான். தர்ஷிகா போனில் குழுவுக்கு நடந்ததைச் சொன்னாள்.  முதலில் அமிர்தநாயகத்தின் குரல் வந்தது.

"நான் அமிர்தநாயகம். கரையெண்டு நினைச்சு நடுவில போறது நானும் செய்த வேலைதான். உயிலங்குளத்தில. பின்னால ஒரு மாட்டுக்காரன் வந்து, தன்ர மாடுகளை விட நான் மெதுவாப் போறன் எண்டு ஏசினவன். தர்ஷிகா, கேளும். பிரம்பை மட்டும் நம்பினதுதான் பிழை. ரோட்டுக்கு வயிறு இருக்கு. நடுவில மேடு, கரையில சரிவு. நெல்லோ வேற என்னத்தையோ கொட்டினாலும் அந்தச் சரிவு மாறாது. இடது கால் கொஞ்சம் கீழ நிண்டா நீர் இடக்கரையில நிக்கிறீர். ரெண்டு காலும் சமனா நிண்டா ஓடித் தப்பும். நாளைக்கு வாறன்."

அடுத்தது பஹ்மிதா. மெல்லத்தான் கதைத்தார்.

"நான் பஹ்மிதா. தங்கச்சி, நான் சொன்னதுலயும் பிழ இருக்கு. என்ர மகன்ட தலையில வச்ச பாரம் உன்ட மகள்ட தலையில வரக்கூடாதெண்டு பயந்து, இன்னொரு பாரத்த வச்சுப்போட்டன். புள்ள கண்டதச் சொல்லட்டும். எல்லாப் புள்ளையளும் உம்மாட்ட அதத்தானே சொல்லுது. நரி நிக்கி, மாடு நிக்கி எண்டு. சொல்றது வேற, கூட்டிக்கிட்டுப் போறது வேற. அந்தப் பக்கம் போறதா இந்தப் பக்கம் போறதா எண்டு முடிவெடுக்கிறது மட்டும் உன்ட வேல."

சனிக்கிழமை காலை நெல் பரப்பிய இடத்துக்கு எல்லோரும் போனார்கள். நெல்லுக்குச் சொந்தக்காரர் தில்லைநாதன், பக்கத்து ஊர் வயல்காரர். நான்கு பேர் வெள்ளைப் பிரம்போடு தன் நெல்லை நோக்கி வருவதைக் கண்டு எழும்பி வந்தார்.

"நேற்று நடு ரோட்டில நிண்டது நீங்கள்தானோ தங்கச்சி? எனக்குச் சொன்னவை. மனசுக்குச் சரியாயில்லை. வேணுமெண்டா நெல்லை அள்ளுறன்."

"வேண்டாம் ஐயா" என்றாள் தர்ஷிகா. "நீங்கள் அள்ளினா நாளைக்கு மற்றவை போடுவினம். எனக்கு நெல்லோட நடக்கப் பழக வேணும். மிதிச்சா கோவிப்பியளோ?"

தில்லைநாதன் சிரித்துவிட்டார்.

"மிதியுங்கோ பிள்ளை. நெல்லு ஒரே பக்கமாக் காய ஏலாது, காலால கிளறிக்கொண்டுதான் இருக்க வேணும். செருப்பைக் கழட்டிப்போட்டு மிதியுங்கோ. எனக்கு வேலை மிச்சம்."

செருப்புகளைக் கழற்றினார்கள். நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்துப் போனார்கள், வந்தார்கள். வெறுங்காலில் ரோட்டின் வயிறு அப்படியே தெரிந்தது.

"இடது கால் இறங்குது" என்றாள் தர்ஷிகா. "இஞ்ச கரை."

"இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் வாரும்."

"இப்ப சமன். இது நடு."

"நடுவெண்டா ஏன் நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கிறீர்? ஓடும்" என்றார் அமிர்தநாயகம். ஜெயரூபன் நெல்லுக்குள் இருந்தபடியே சிரித்தான். தில்லைநாதன் பின்னால் நின்று, "அண்ணை, அந்தக் கரையில இன்னும் கிளறேல்லை, அங்கயும் ஒருக்காப் போட்டு வாங்கோ" என்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் விஜிதாவின் சைக்கிள் வந்து நின்றது. லக்சிகா இறங்கி ஓடி வந்து நெல்லுக்குள் விழுந்தாள். விஜிதா மதகுக் கட்டின் மேலே இருந்தார். தர்ஷிகா போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

"இரவு நல்லா நித்திரை கொண்டவளோ மச்சாள்?"

"கொண்டவள். புதுக் கட்டில் பிடிச்சிருக்கு." விஜிதா அவள் பக்கம் திரும்பினார். "தர்ஷி, எனக்கு உன்னில கோவம் இல்லை. பயம். ஒண்டு நடந்தா நான் என்னண்டு என்னை மன்னிப்பன்?"

"எனக்கும் பயம்தான்" என்றாள் தர்ஷிகா. "நேற்று எந்தப் பக்கம் ஒதுங்கிறதெண்டே தெரியேல்லை. ஆனா ஒண்டு சொல்லுறன் மச்சாள். நான் விடுதியில இருந்து லீவுக்கு வீட்டை போனா, அம்மா எனக்கு விருந்தாளிக்கு வைக்கிற கப்பிலதான் தேத்தண்ணி தருவா. மற்றப் பிள்ளையளுக்கு ஏச்சு விழும், எனக்கு விழாது. நான் வேணுமெண்டு ஒரு கோப்பையை உடைச்சும் பாத்தனான். அப்பவும் ஏசேல்லை. அம்மா என்னில அவ்வளவு அன்பு. ஆனா நான் அந்த வீட்டுப் பிள்ளையா இருக்கேல்லை. லக்சி எனக்கு வெள்ளிக்கிழமை விருந்தாளியா வரக்கூடாது. அவளுக்கு நான் ஏச வேணும்."

 மதகுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நெல்லுக்குள்ளிருந்து லக்சிகாவின் சத்தம் கேட்டது.

"அம்மா, அமிர்து மாமா நடு ரோட்டில நிக்கிறார். மிசின் ஒண்டு வருது."

"மாமாவுக்குச் சொல்லு."

"மாமா, மிசின் வருது."

"எவ்வளவு தூரத்தில மகள்?"

"மில்லடியில."

"அப்ப நான் என்ர முடிவை ஆறுதலா எடுக்கலாம்" என்றபடி அமிர்தநாயகம் சரிவைக் காலால் தடவிக் கரைக்கு வந்தார்.

விஜிதாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டார் என்று தில்லைநாதன் பிறகு சொன்னார்.

திங்கட்கிழமை காலை ரோட்டில் நெல் இருந்தது. பின்னால் சைக்கிளும் வந்தது. மதகு தாண்டியதும் லக்சிகா சொன்னாள்.

"அம்மா, நெல்லு போட்டிருக்கு."

"எதுவரைக்கும்?"

"மில்லுவரைக்கும்."

தர்ஷிகா நின்றாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். நெல்லுக்குள் காலை வைத்தாள். இடது கால் கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போனாள், நன்றாக இறங்கியது. மகளைக் கரைப்பக்கம் விட்டு அந்தச் சரிவிலேயே நடந்தாள். பஸ் ஒன்று வலப்பக்கத்தால் தாண்டிப் போனது. வேகமும் குறைக்கவில்லை, ஹோர்னும் அடிக்கவில்லை. சாதாரணமாக ஒரு தாயையும் பிள்ளையையும் தாண்டிப் போவது போலப் போனது.

மில்லடியில் சைக்கிள் நின்றது.

"தர்ஷி" என்றார் விஜிதா. "நான் இனி வரேல்லை. சோத்துப் பானை அடுப்பில."

"சரி மச்சாள்."

சைக்கிள் திரும்பவில்லை.

"சனிக்கிழமையில மட்டும் அவளை என்னட்டை விடுவியோ? அந்தக் கட்டிலை நான் என்ன செய்யிறது?"

"என்னட்டை ஏன் கேக்கிறியள்? அவளைக் கேளுங்கோ."

விஜிதா கேட்டார். லக்சிகா கொஞ்சம் யோசித்தாள்.

"ஓம் மாமி, வாறன். ஆனா ஞாயிற்றுக்கிழமை காலமை வீட்டை போயிடுவன். அம்மா தோசை சுடுவா."

"சரி, வா. மாமியும் தோசை சுடுவன்."

"உங்கட தோசை கருகினது மாமி."

"லக்சி" என்று தர்ஷிகா ஏசினாள். "பெரியாக்களோட அப்படிக் கதைக்கிறேல்லை."

லக்சிகா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். இருவரும் முன்பள்ளிப் பக்கம் நடந்தார்கள்.